மச் வென்லாக்: ஒலிம்பிக்ஸைத் தூக்கி வளர்த்த சந்தை ஊர்

நவீன ஒலிம்பிக்ஸுக்கு அப்பா யாருன்னு கேட்டா, குவிஸ் பசங்க பட்டுன்னு சொல்லிடுவாங்க: பிரான்ஸ்காரர் குபெர்த்தான், 1896, ஏதென்ஸ். சரி, மார்க் போட்டுடலாம். ஆனா அந்தக் குபெர்த்தானே 1890ல ஒரு ஊரைத் தேடிப் போயிருக்கார். அந்த ஊர்க் கதைதான் இந்தப் பதிவு.

ஊர் பேரு மச் வென்லாக். (மச்சின்னு கூப்பிடத் தோணுதா? எனக்கும்தான் :-)) இங்கிலாந்துல, வேல்ஸ் எல்லையை ஒட்டின ஷ்ராப்ஷயர்ல இருக்கு. 2011 கணக்குப்படி 3000 பேர்கூட இல்லை. இடிஞ்சு நிக்கற ஒரு பழைய மடாலயம், சுத்தி சுண்ணாம்புக்கல் மலை. நடு ஊர்ல 1540ல மரச்சட்டம் வெச்சுக் கட்டின ஊர்மன்றம். அந்தக் காலத்துல மேல வழக்கு நடந்தது, கீழ தூண்களுக்கு நடுவுல வெண்ணெய்ச் சந்தை. அதுல ஒரு தூண்ல கையைப் பூட்ட இரும்பு வளையம் இருக்கு. குத்தவாளியைக் கட்டிவெச்சு சாட்டையால அடிக்கத்தான்!

இந்த ஊர்ல 1809ல பொறந்தவர் வில்லியம் பென்னி புரூக்ஸ். அப்பாவும் டாக்டர்தான். இவர் லண்டன், பாரிஸ், பதுவான்னு போய்ப் படிச்சார். அப்பா காய்ச்சல்ல இறந்ததும் ஊருக்குத் திரும்பி அவர் தொழிலையே எடுத்துக்கிட்டார். 1841ல கௌரவ நீதிபதி பதவியும் வந்தது. குடி, திருட்டுன்னு வந்து நிக்கற ஏழை ஜனங்களைத் தினமும் பார்த்தார். சாட்டை போதாது, வேற வழி வேணும்னு தோணியிருக்கு. அந்த வருஷமே விவசாயக் கூலிகளுக்காக ஒரு வாசிப்புச் சங்கம் ஆரம்பிச்சார். படிப்பு மட்டும் போதுமா, உடம்பு? 1850ல அதுக்கும் ஒரு பிரிவு. அதே அக்டோபர்ல முதல் போட்டி.

ஓட்டம், தாண்டல், கிரிக்கெட், கால்பந்துன்னு எல்லாம் உண்டு. கூடவே நம்ம ஊர் பொங்கல் விளையாட்டு மாதிரி சில அயிட்டம்: கண்ணைக் கட்டிக்கிட்டு ஒத்தைச்சக்கர வண்டி தள்றது, ஒரு பவுண்டு டீத்தூளுக்காக பாட்டிமார் ஓட்டப்பந்தயம்! சிரிப்பு வருது இல்ல? ஆனா விஷயம் சிரிப்பில்லை. கூலிக்காரனும் பணக்காரனும் ஒரே கோட்டுல நிக்கலாம்ங்கறதுதான் புரூக்ஸோட பிடிவாதம்.

1866ல அவரும் நண்பர்களும் சேர்ந்து லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல தேசிய அளவுல போட்டி நடத்தினாங்க. அதுல தடை ஓட்டம் ஜெயிச்சது யார் தெரியுமா? 18 வயசு டபிள்யூ.ஜி.கிரேஸ். ஓவல்ல ஆடிக்கிட்டிருந்த மேட்ச்லேர்ந்து அனுமதி வாங்கிட்டு வந்து ஓடிட்டுப் போனார் மனுஷன்!

அதே வருஷம் லண்டன்ல கனவான்கள் சேர்ந்து தனியா ஒரு தடகளச் சங்கம் ஆரம்பிச்சாங்க. கைத்தொழில் செய்யறவன், கூலிக்காரன் எவனும் உள்ளே வரக்கூடாதுன்னு விதியும் போட்டாங்க. பணமும் செல்வாக்கும் அந்தப் பக்கம். புரூக்ஸோட தேசியச் சங்கம் கொஞ்சம் கொஞ்சமா நொடிச்சுப் போச்சு. சொந்த ஊர்ல மட்டும் விடாம நடத்தினார்.

ஏதென்ஸ்ல சர்வதேச ஒலிம்பிக்ஸ் நடத்தலாமேன்னு 1880கள்ல கிரேக்கர்களுக்கு எழுதிப் பார்த்தார், நடக்கலை. 1890ல 27 வயசு குபெர்த்தான் வந்தப்போ இவருக்கு 81. அவருக்காகவே தனியா ஒரு போட்டி நடத்திக் காமிச்சு, மைதானத்துல ஒரு ஓக் மரமும் நட வெச்சார். ஒலிம்பிக்ஸ் இன்னும் உயிரோட இருக்குன்னா அதுக்கு இந்த டாக்டர்தான் காரணம்னு குபெர்த்தானே ஊருக்குத் திரும்பி எழுதினார். 1894ல பாரிஸ் மாநாட்டுக்குப் போக புரூக்ஸுக்கு உடம்பு ஒத்துழைக்கலை. 1895 டிசம்பர்ல கண்ணை மூடினார். நாலே மாசம் கழிச்சு ஏதென்ஸ்ல கொடி ஏறிச்சு.

அப்புறம் பேரு புகழெல்லாம் குபெர்த்தானுக்குத்தான். 1994ல ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் இந்த ஊருக்கு வந்து, புரூக்ஸ் கல்லறையில மலர்வளையம் வெச்சார். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஒத்தைக்கண் பொம்மை ஒண்ணு சுத்திச்சே, அதுக்கு வெச்ச பேரு 'வென்லாக்'.

குபெர்த்தான் மேல எனக்குக் கோபமில்லை. உலகத்தைக் கூட்டிச் சேர்க்க அவர் மாதிரி ஆள் வேணும். ஆனா மேடையில யார் நின்னாலும், கூலிக்காரனை முதல்ல கோட்டுல நிக்கவெச்ச ஆள் எங்கேயோ ஒரு சின்ன ஊர்ல இருந்திருப்பார். அடுத்த தடவை ஒலிம்பிக்ஸ் பார்க்கறப்போ அந்த டாக்டரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. டீத்தூளுக்கு ஓடின பாட்டிகளையும்தான்!