மௌனத்தைப் பொருள்கொண்ட அட்டைகள்: ஈதர்நெட் வேகக்குறைவின் வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பழுதுகளுக்கு வரலாறு எழுதுவோர் குறைவு. எதுவுமே பழுதடையாமல் தோன்றும் பழுதுக்கு வரலாறு எழுதுவோர் இன்னும் குறைவு. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அலுவலகங்களையும் பல்கலைக்கழகங்களையும் அலைக்கழித்த அத்தகைய பழுது ஒன்றைப் பற்றியே இக்குறிப்பு.

அதன் அறிகுறிகள் விசித்திரமானவை. நொடிக்கு 100 மெகாபிட் செல்லத்தக்க நெட்வொர்க் கார்டு. அதில் பச்சை விளக்கு எரிகிறது. ‘பிங்’ கட்டளைக்கு உடனே மறுமொழி வருகிறது. சிறிய மின்னஞ்சல்கள் தடையின்றிச் செல்கின்றன. ஆனால் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால் வேகம் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கேபிளை மாற்றினார்கள், டிரைவரை மறுபடி நிறுவினார்கள், புதிய அட்டையே வாங்கினார்கள். பல வேளைகளில் இவற்றால் பயன் விளையவில்லை. இதற்கு டூப்ளெக்ஸ் பொருந்தாமை என்று பெயர். இதை விளங்கிக்கொள்ள ஈதர்நெட்டின் தொடக்கத்துக்கே செல்ல வேண்டும்.

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினர். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் வானொலி அலைகளைக் கொண்டு அமைத்திருந்த அலோஹா வலையமைப்பு அவர்களுக்கு முன்னோடி. முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஒரே கம்பியில் பல கணினிகள் தொங்கின. பேசும் முன் கேள். வேறு யாரும் பேசவில்லையெனில் பேசு. இருவர் ஒருசேரப் பேசிவிட்டால் இருவரும் நிறுத்தி, தற்செயலான இடைவெளி விட்டு மறுபடி முயல்க. இதுவே விதி. ஆக, மோதல் என்பது அவ்வமைப்பில் குற்றமன்று; அன்றாட நிகழ்வு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும் இம்முறையே ஹாஃப் டூப்ளெக்ஸ்.

1990இல் முறுக்கிணைக் கம்பிகளுக்கான 10பேஸ்-டி தரப்பாடு வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. அனுப்ப ஓர் இணை, பெற மற்றோர் இணை. நடுவில் ஹப்புக்குப் பதிலாக ஸ்விட்ச் வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை கிடைத்தது. இருபுறமும் ஒரே நேரத்தில் பேசலாம். காத்திருந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை. இதுவே ஃபுல் டூப்ளெக்ஸ். 1997இல் இது தரப்பாட்டில் முறையாக இடம்பெற்றது. இதற்கிடையே 1995இல் 100 மெகாபிட் ஈதர்நெட்டும் வந்துவிட்டது. இரண்டு வேகங்கள், இரண்டு முறைகள். கம்பியின் இரு முனைகளும் எதில் பேசுவதென முன்கூட்டியே உடன்பட்டாக வேண்டும்.

அந்த உடன்பாட்டுக்கு வகுக்கப்பட்டதே ஆட்டோ நெகோசியேஷன். என் போன்ற மொழியியல் மாணவர்களுக்கு இது சுவையான பொருள். பழைய 10பேஸ்-டி கருவிகள் ‘நான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க ஏறத்தாழ 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பிவந்தன. புதிய விதியை வகுத்தோர் அந்த ஒற்றைத் துடிப்பின் இடத்தில் துடிப்புக் கொத்து ஒன்றை வைத்தனர். ஒரு கொத்தில் 33 இடங்கள். 17 துடிப்புகள் காலத்தைக் குறிக்க, எஞ்சிய 16 இடங்களில் துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லையெனில் சுழியம். அந்தப் 16 பிட்டுகளில் ஒவ்வொரு முனையும் தன் திறன்களை அறிவிக்கும். இரண்டுக்கும் பொதுவானவற்றுள் மிகச் சிறந்ததை இரண்டும் தேர்ந்துகொள்ளும். பழைய கருவிக்கும் இக்கொத்து உயிர்க்குறியாகவே தோன்றும். முன்னோர் மொழியைச் சிதைக்காமல் அதற்குள்ளேயே புது மொழியை ஏற்றிய நேர்த்தி இது.

சிக்கல் எதிர்முனை பேசாதிருக்கும்போது எழுகிறது. மறுமுனையில் யாரோ பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டு, ‘100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று கையால் அமைத்துவிட்டதாகக் கொள்வோம். கொத்து வருவதில்லை. இம்முனை, வரும் சமிக்ஞையின் வடிவத்தைக் கொண்டு வேகம் 100 என அறிந்துகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லை. ஆகவே தரப்பாட்டின்படி ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று முடிவு செய்யும். 1995இல் இது நியாயமான முடிவே: பேசாத கருவி பழைய கருவியாகத்தான் இருக்கும் என்று கருத இடமிருந்தது.

தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை; அந்த இன்மையே அடையாளம். ஆனால் ‘பாடம் படித்தான்’ என்னும்போது ‘பாடம்’ உருபின்றி நின்றும் செயப்படுபொருளாகிறது. உருபின்மைக்கு இரு பொருள்கள் உண்டு. கேட்பவர் சூழலால் தெளிகிறார். அட்டைக்குச் சூழல் இல்லை. அதன் இலக்கணத்தில் மௌனத்துக்கு ஒரே பொருள்தான்.

இப்போது ஒரு முனை கேட்டுக் கேட்டுப் பேசுகிறது. மறுமுனை கேட்காமலேயே பேசுகிறது. முதல் முனைக்கு இது மோதலாகத் தெரிகிறது, பாதியில் நிறுத்திவிடுகிறது. இரண்டாம் முனைக்கு மோதல் என்ற கருத்தே கிடையாது. அதற்கு வந்து சேர்வது துண்டிக்கப்பட்ட, சரிபார்ப்பில் தோற்கும் பொதி மட்டுமே. முறையான வலையமைப்பில் மோதல் நிகழுமாயின் முதல் 512 பிட்டுகளுக்குள் நிகழ்ந்தாக வேண்டும். அதற்குப் பின் நிகழ்வது ‘தாமத மோதல்’. அவ்வாறு சிதைந்த பொதியை அட்டைகள் பொதுவாக மீண்டும் அனுப்புவதில்லை. கேபிள் வரம்புக்கு மேல் நீண்டிருந்தாலும் தாமத மோதல் தோன்றும் என்பது அக்காலப் பாடநூல் அறிவு. எண்ணிக்கைப் பட்டியலில் தாமத மோதலைக் கண்ட பொறியாளர்கள் கேபிளைச் சந்தேகித்ததில் வியப்பில்லை. ‘பிங்’கோ ஒரு பொதியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருப்பது. இருவரும் ஒருசேரப் பேசும் தருணம் அதில் அமைவது அரிது. ஆகவே நோயாளி எப்போதும் நலமாகவே காணப்பட்டார்.

இதன்மேல் இன்னொரு தவறான வாசிப்பு ஏறுகிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சில நூறு மீட்டர் தொலைவில், வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் டிசிபி நெறிமுறைக்கான தீர்வை வெளியிட்டார்: பொதி தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று கொண்டு வேகத்தைக் குறை. இணையத்தைக் காத்த விதி அது. ஆனால் டூப்ளெக்ஸ் பொருந்தாத கம்பியில் நெரிசலே இல்லை. பொதிகள் வேறு காரணத்தால் தொலைகின்றன. டிசிபி பணிவுடன் மேலும் மேலும் ஒதுங்கிக்கொள்கிறது.

பேச்சுவார்த்தையை நிறுத்துமாறு யார் சொன்னார்கள்? அனுபவம் சொன்னது. தொடக்கக்கால அட்டைகளும் ஸ்விட்ச்களும் தரப்பாட்டை வெவ்வேறாகப் புரிந்துகொண்டதால் பேச்சுவார்த்தை அடிக்கடி முறிந்தது. ‘ஆட்டோவை நம்பாதே, கையால் அமை’ என்ற அறிவுரை அன்று பொருத்தமானதே. கருவிகள் திருந்தின, அறிவுரை திருந்தவில்லை. சேவையகத்தை ஒரு பிரிவும் ஸ்விட்சை வேறொரு பிரிவும் பராமரித்த நிறுவனங்களில் ஒரு முனையில் மட்டும் அறிவுரை பின்பற்றப்பட்டது. பழுதைத் தடுக்க எழுந்த விதியே பழுதை உற்பத்தி செய்தது. நான் முதுகலை பயின்ற துறையில் களப்பணி ஒலிப்பதிவுகளைச் சேவையகத்தில் ஏற்ற ஓர் இரவு முழுவதும் ஆனது. ‘உங்கள் கணினி பழையது’ என்ற மறுமொழியே கிடைத்தது. ஸ்விட்சின் அமைப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரம் பயனருக்கு இல்லாத இடத்தில் பழி எப்போதும் பயனர் பக்கமே சாயும்.

2005இல் ஸ்தானிஸ்லாவ் ஷலுனோவ், ரிச்சர்டு கார்ல்சன் இருவரும் இப்பொருந்தாமையைத் தொலைவிலிருந்தே கண்டறியும் முறை பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினர். தரப்பாடு வந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும் இது ஆய்வுப்பொருளாக இருந்தது என்பதே பழுதின் பரவலைக் காட்டும்.

1999இல் வெளியான கிகாபிட் செப்புக்கம்பித் தரப்பாடு பேச்சுவார்த்தையைக் கட்டாயமாக்கியது. கடிகாரத்தை எம்முனை ஆள்வது என்பதையும் அதில்தான் முடிவுசெய்தாக வேண்டும். மௌனம் இனி விருப்பத் தேர்வாக இல்லை. ஆயினும் துடிப்புக் கொத்துகள் செல்வது இரண்டு இணைகளில். கிகாபிட்டுக்கு வேண்டியவை நான்கு. எஞ்சிய இரண்டில் ஒன்று அறுந்திருந்தால், இரு முனைகளும் கிகாபிட்டுக்கு மனமார உடன்பட்டபின் இணைப்பை நிறுவ முடியாமல் திணறும். பல அட்டைகள் சிறிது முயன்றுவிட்டு ஓசையின்றி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இன்று உங்கள் ஆய்வக இணைப்பு மந்தமாக இருந்தால், லினக்ஸில் ‘எத்டூல்’ கட்டளையிட்டு ‘ஸ்பீட்’ என்ற வரியை முதலில் பாருங்கள். அங்கே 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால், இம்முறை கேபிளைச் சந்தேகிப்பதே சரி.