முகமும் நாவும்: மௌனப் படக் காலச் சென்னையின் ஆங்கிலோ இந்திய நடிகையர்

1921இல் சென்னையில் 'பீஷ்மப் பிரதிக்ஞை' என்ற மௌனப் படம் உருவானது. ரகுபதி வெங்கையாவின் 'ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட்' நிறுவனம் எடுத்த படம் அது. அவருடைய மகன் பிரகாஷ் இயக்கி, பீஷ்மராகவும் நடித்தார். பீஷ்மரைப் பெற்ற கங்காதேவியாகத் திரையில் வந்தவர் பெக்கி காஸ்டெல்லோ. பாரதக் கதையைத் தெருக்கூத்திலும் திண்ணையிலும் கேட்டு வளர்ந்த ஊரில், ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு பெண் கங்கையாக நின்றாள், படமும் ஓடியது. பத்தே ஆண்டுகளில் இது நடக்கவே முடியாத காரியமாகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை வடசென்னையின் பின்னணியில் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

வெங்கையாவின் திரையரங்குகளில் அண்ணா சாலையின் 'கெயிட்டி' மட்டுமே பேசப்படுகிறது. தங்கசாலைத் தெருவில் 'கிரவுன்', புரசைவாக்கத்தில் 'குளோப்' என மற்ற இரண்டும் அவருடையவையே. தங்கசாலைக்குக் கூப்பிடு தூரத்தில் துறைமுகம். அதற்கப்பால் இராயபுரம், தண்டையார்ப்பேட்டை. மேற்கே பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள். மூட்டை சுமந்தவரும் தறியில் நின்றவரும் ரயில் பெட்டி கட்டியவரும் வாழ்ந்த வட்டாரம். பீஷ்மப் பிரதிக்ஞை வந்த அதே 1921இல்தான் அந்த ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நீடித்தது. படத்தின் இடையே வரும் எழுத்துப் பலகைகளை வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அரங்கிலேயே ஒருவர் நின்று கதை சொல்வார். நடிகையின் குரலை யாரும் கேட்கவில்லை. அவள் எந்த மொழிக்காரி என்பதும் கேள்வியாக எழவில்லை.

திரையில் நடிக்க உள்ளூர்ப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு பஞ்சம் என்று கேட்கலாம். சென்னையின் முதல் கதைப்படமான ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தில் ஜீவரத்தினம் திரௌபதியாக நடித்திருந்தார். ஆனால் அத்தகையவர் மிகச் சிலரே. மேடையில் பெண் வேடம் பெரும்பாலும் ஆண்களிடம் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் குழுக்களில் 'ஸ்திரீ பார்ட்' என்பது சிறுவர்க்குரிய தனித் திறமை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் நாயகி வேடங்களுக்குப் புகழ்பெற்றவர் வழக்கறிஞர் ரங்கவடிவேலு. படித்த குடும்பத்துப் பெண் மேடையேறுவது மானக்கேடாகவே எண்ணப்பட்டது. காமிராவோ மேடையைப் போலத் தூரத்தில் நிற்பதில்லை, முகத்தருகே வரும். ஆண் முகத்து மீசை நிழலை எந்த அரிதாரமும் அங்கே மறைக்காது.

அந்த இடத்தை நிரப்ப வந்தவர்கள்தான் ஊரார் சட்டைக்காரர்கள் என்று அழைத்த ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் பெண்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்த ரயிலோடும் பெரம்பூர்ப் பணிமனையோடும் சேர்ந்தே ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புகள் வளர்ந்தன. இஞ்சின் ஓட்டுநர், கார்டு, துறைமுக எழுத்தர் ஆகியோரின் வீடுகளில் பெண்கள் வேலைக்குப் போனார்கள். செவிலியாகவும் ஆசிரியையாகவும் தட்டச்சராகவும் தொலைபேசி இணைப்பாளராகவும் சம்பாதித்தார்கள். நடனமும் ஆங்கில நாடகமும் அவர்களுடைய மன்றங்களில் வழக்கமான பொழுதுபோக்கு. வீட்டை விட்டு வெளியே போய் உழைப்பது பழியல்ல என்ற சமூகத்துக்குக் காமிராவின் முன் நிற்பதும் இன்னொரு வேலைதான். இவர்களின் வரவை 'வெள்ளைத் தோல் மோகம்' என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த மோகம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூலிக்கு உழைக்கும் உரிமை எந்தப் பெண்ணுக்கு இருந்தது என்பதே இங்கே முதற்காரணம்.

சென்னைக்கு மட்டும் உரிய நிலை அல்ல இது. கல்கத்தாவில் பேஷன்ஸ் கூப்பர் தமயந்தியானார். ரெனி ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் 'சீதா தேவி' என்ற பெயரில் 1925இல் புத்தரின் கதையான 'லைட் ஆஃப் ஏசியா'வில் கோபையாக நடித்தார். பம்பாயில் தொலைபேசி இணைப்பாளராக இருந்த யூதப் பெண் ரூபி மையர்ஸ் 'சுலோசனா' ஆகி, இம்பீரியல் நிறுவனத்தின் தலைசிறந்த நட்சத்திரமானார். பெயரை மாற்றினால் போதும். ஊமைப்படம் வேறெதையும் கேட்கவில்லை.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு நடிகையின் கதை நேர் எதிராக நடந்துகொண்டிருந்தது. ஆனா மே வாங், 1905இல் லாஸ் ஏஞ்சலீசில் சலவைக்கடை நடத்திய சீனக் குடும்பத்தில் பிறந்தவர். 1922இல் 'தி டோல் ஆஃப் தி சீ'யில் நாயகியானார். 1924இல் 'பாக்தாத் திருடன்' படத்தில் மங்கோலிய அடிமைப் பெண்ணாக உலகப் புகழ் அடைந்தார். அதன்பின் கிடைத்தவை அடிமை, வஞ்சகி, கடைசியில் சாகும் காதலி ஆகிய வேடங்களே. நாயகி வேடத்தைச் சீன முகம் வரைந்துகொண்ட வெள்ளை நடிகைகளுக்குக் கொடுத்தார்கள். மனம் வெறுத்து 1928இல் ஐரோப்பா போனார். லண்டன் மேடையில் 1929இல் லாரன்ஸ் ஒலிவியருடன் 'தி சர்க்கிள் ஆஃப் சாக்' நாடகத்தில் நடித்தபோது விமர்சகர்கள் அவருடைய அமெரிக்க உச்சரிப்பைப் பழித்தார்கள். சீன முகத்திலிருந்து கலிபோர்னியக் குரல் வருவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அவர் பேச்சுப் பயிற்சி பெற்றார், ஜெர்மன் கற்றார், வியன்னாவில் ஜெர்மன் மொழியிலேயே மேடையேறினார். பேசும்படம் கேட்ட எல்லாவற்றையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்றே சொல்லலாம். ஆனாலும் சீன உழவர் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' 1937இல் படமானபோது, நாயகன் வேடம் பால் முனிக்குப் போனது. வெள்ளை நடிகருக்குச் சீனப் பெண்ணை மனைவியாகக் காட்ட அன்றைய தணிக்கை விதிகள் இடம்கொடுக்கவில்லை; எனவே நாயகியும் ஜெர்மன் நடிகை லூயிஸ் ரெய்னர். அந்த வேடத்துக்கு அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார். வாங்குக்கு ஸ்டூடியோ தர முன்வந்தது கெட்ட பெண் வேடம். அதை அவர் மறுத்தார். அந்த மறுப்பை அவருடைய எந்த வேடத்துக்கும் குறையாத சாதனையாக நான் மதிக்கிறேன்.

அமெரிக்கா முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. இங்கே கதவைச் சாத்தியது நா.

பம்பாயிலும் சென்னையிலும் அந்தக் கதவடைப்பை நடத்தியவர் ஒரே ஆள் என்பது கவனிக்கத்தக்கது. 1931 மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை வெளியிட்ட அர்தேஷிர் இரானி, தம் நிறுவனத்தின் பெரும் நட்சத்திரமான சுலோசனாவை விட்டுவிட்டு ஜுபைதாவை நாயகியாக்கினார். சுலோசனாவின் இந்துஸ்தானி போதவில்லை. அதே இரானி அதே ஆண்டு எச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தை எடுத்தார். இரானி பார்சி. சென்னைப் பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910 முதல் இராயபுரத்தில் இருக்கிறது. பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த வண்ணத் திரைச்சீலையும் ஆர்மோனியமும் தமிழ்க் கம்பெனி நாடகங்களின் உடைமையாகி வெகுகாலம் ஆகியிருந்தது. மேடையில் தொடங்கிய அந்த உறவின் தொடர்ச்சியாகவே காளிதாஸையும் பார்க்க வேண்டும்.

காளிதாஸின் படப்பெட்டி ரயிலில் சென்னை வந்தபோது பெருங்கூட்டம் வால்டாக்ஸ் சாலை வழியே அதைத் தொடர்ந்து போனது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். படம் 1931 அக்டோபர் 31 அன்று 'கினிமா சென்ட்ரல்' அரங்கில் வெளியானது. பிற்காலத்து முருகன் டாக்கீஸ் அதுதான். ஊர்வலம் போன வால்டாக்ஸ் சாலையிலேயே கம்பெனி நாடகங்களின் கோட்டையான ஒற்றைவாடை அரங்கும் இருந்தது. தமிழ் நாடகம் பேசும்படமாக மாறிய தூரம் இந்தச் சில தெருக்களுக்குள் அடங்கிவிடும்.

அந்தப் படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி. 1911இல் திருவையாற்றில் பிறந்து, சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டுக் கைவிடப்பட்டு, பிழைப்புக்காக நாடக மேடை ஏறியவர். ஏ. நாராயணனின் 'கோவலன்' போன்ற மௌனப் படங்களிலும் நடித்திருந்தார். காளிதாஸில் அவர் தமிழ் பேசினார். நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். கதைக்குச் சம்பந்தமில்லாத தேசபக்திப் பாட்டும் இருந்தது. கூட்டத்துக்கு அது குறையாகவே தெரியவில்லை. தம் மொழியைத் திரையிலிருந்து கேட்டதே அவர்களுக்குப் பெரிய நிகழ்ச்சி. பாடவும் தெரிந்திருக்க வேண்டும் என்றான பிறகு, மேடையில் தொண்டை பழக்கியவர்களை விட்டால் வேறு ஆளில்லை. 1936இல் ராஜலட்சுமி தாமே எழுதிய 'மிஸ் கமலா'வைத் தயாரித்து இயக்கினார். சட்டைக்காரப் பெண்களின் வெளியேற்றத்தைப் பற்றி வருந்தும்போது இந்த வரவின் நியாயத்தை மறக்கக் கூடாது. மேடைக்காரி என்று இகழப்பட்டவள் இயக்குநரான வழியும் இதே பேசும்படம்தான்.

சுலோசனா சும்மா இருக்கவில்லை. ஓராண்டு ஒதுங்கி மொழி கற்று, தம் மௌனப் படங்களையே பேசும்படங்களாக மறுபடி நடித்துத் திரும்பினார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருதும் பெற்றார். ஆக, நாவின் தடை கற்றுத் தாண்டக்கூடிய தடை. வாங்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆனால் கற்கும் ஓராண்டுக்குச் சோறு போட ஒரு பெரிய நிறுவனமோ சேர்த்த பணமோ வேண்டும். சென்னையின் சிறு நிறுவனங்களிடம் அது இல்லை. ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நெடுநாள் நிலைக்கவேயில்லை. காமிராவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கோ இந்தச் சோதனையே இல்லை: தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் 1936இல் 'சதிலீலாவதி' தொடங்கி 1950இல் 'மந்திரிகுமாரி' வரை தமிழ்ப் படங்களை இயக்கினார்.

இந்த நடிகைகளின் உழைப்பை இன்று கண்ணால் காண வழியில்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டன. மிஞ்சியவற்றில் முதன்மையானது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா'. வாங்கின் படங்கள் பல எஞ்சியிருக்கின்றன. 2022இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்திலும் அவர் முகம் பொறிக்கப்பட்டது.

1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. அவர்கள் போன பிறகு தமிழ்த் திரை அந்தச் சமூகத்துப் பெண்ணை மதுக்கூட நடனக்காரியாகவே திரும்பத் திரும்பக் காட்டியது. கங்கையாக ஏற்ற அதே தமிழ்த் திரை செய்த இந்த அநீதியை நம் திரை வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை. வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றிய பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்தபோதுதான் ஒரு சட்டைக்காரக் குடும்பம் அந்தத் தெருக்களுக்கு உரிய அண்டைவீடாகத் திரையில் தென்பட்டது. ஜான் விஜய் நடித்த 'டாடி' ஆங்கிலத்தையும் வடசென்னைத் தமிழையும் கலந்து பேசி, நாயகன் கபிலனுக்குத் துணையாக நிற்கிறார்.