நிலமும் ஞாயிறும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தில் சூரிய மின்னாக்கத்தின் பொருளியல்

பெருஞ்சூரிய மின் நிலையத்தின் ஆதாயத்தைக் கணிப்போர் வெயிலின் அளவையும் தகடுகளின் விலையையும் முதன்மையாகக் கொள்வர். கேரளத்தின் தென்கோடியில் தமிழகத்தை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களைப் பொறுத்தவரை அக்கணக்கு நில வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

தகடுகளின் விலை இன்று பெருந்தடையன்று. தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் 2010ஆம் ஆண்டு முதல் ஏலத்தில் ஓர் அலகு மின்சாரத்தின் விலை ரூ.10.95 முதல் ரூ.12.76 வரை அமைந்தது. 2017இல் இராசத்தானத்துப் பத்லா ஏலத்தில் அது ரூ.2.44 ஆயிற்று. அவ்வளவு குறையாதது இடத்தேவையே. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு அல்லது ஐந்து ஏக்கர் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் தொடங்கப்பெற்ற 648 மெகாவாட் நிலையம் சுமார் 2500 ஏக்கரில், ஏறத்தாழ ரூ.4550 கோடிச் செலவில் எழுந்தது. அது வானம் பார்த்த பூமி. எல்லைப்புறமோ இரு பருவமழையும் பெறுவது, தென்னையும் வாழையும் மரச்சீனியும் ரப்பரும் விளையும் நிலம், தோட்டந்தோறும் வீடு.

இம்மண்ணில் ஒருசேர நிலம் பெறுதல் எளிதன்று என்பதற்குப் பழஞ்சான்றும் உண்டு. பாறசாலைக்கு அண்மையிலுள்ள பார்த்திபசேகரபுரத்தில் 9ஆம் நூற்றாண்டில் கோயிலும் 95 சட்டர்க்குரிய சாலையும் நிறுவிய ஆய் மன்னன் கருநந்தடக்கன், அதற்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடம் மாற்றுநிலம் கொடுத்தே பெற்றான் எனச் செப்பேடு கூறுகிறது. வேந்தனும் ஈடு கொடுக்க வேண்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது.

பிற்காலத் துண்டாக்கத்துக்கு அடிகோலியது திருவிதாங்கூர் அரசின் 1865ஆம் ஆண்டுப் பண்டாரப்பாட்ட விளம்பரம் எனலாம். அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதோர் அதன்வழி நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் மக்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை பெற்றனர். 1925ஆம் ஆண்டு நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தை ஆள்வீதம் பங்கிட வழிசெய்தது. 1970 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம், ஐவர்க்கு மேற்படாத குடும்பத்தின் உடைமையை 15 ஏக்கருக்குள் அடக்கியது. விலக்குப் பெறாத நிலத்தில் அவ்வளவு முழுவதையும் தகடுகளுக்கே ஒதுக்கினும் மூன்று அல்லது நான்கு மெகாவாட்டுக்கு மேல் தேறாது.

இதனைக் கேரளச் சட்டத்தின் விளைவு மட்டுமே எனக் கொள்வது பொருந்தாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாநிலக் கோடு இடையே விழுந்தும் விளவங்கோட்டு நிலமும் நெய்யாற்றின்கரை நிலமும் ஒரேபோல் சிறுதுண்டுகளாகவே உள்ளன. உச்சவரம்புச் சட்டம் தமிழகத்திலும் உண்டு. ஆகவே இரு மருங்கையும் கமுதியிலிருந்து பிரிப்பது 1956இன் எல்லையன்று. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் நிலவுரிமை முறையே.

கேரளத்தில் நிறைவேறிய பெருந்திட்டங்களும் இதனையே காட்டுகின்றன. கொச்சி விமான நிலையம் 2015இல் 12 மெகாவாட் நிலையத்தைத் தன் கைவசமிருந்த 45 ஏக்கரில் அமைத்தது. காயங்குளத்தில் தேசிய அனல்மின் கழகம் 2022இல் நிறைவுசெய்த 92 மெகாவாட் நிலையம் அதன் நீர்ப்பரப்பில் மிதக்கிறது. இரண்டிலும் புதிதாக நிலம் வாங்கும் செலவு எழவில்லை. ஏனையோர்க்கு எஞ்சுவது வீட்டுக்கூரை. 2018இல் அறிவிக்கப்பட்ட 'சௌர' திட்டம் இலக்காகக் கொண்ட 1000 மெகாவாட்டில் பாதி கூரைகளுக்கே உரியது. ஆயினும் கேரளத்தின் மின் தேவை உச்சம் தொடுவது மாலைக்குப் பின்னர்; கூரைத் தகடுகள் அப்போது ஓய்ந்துவிடும். நண்பகல் அலகின் மதிப்பை இரவு அலகோடு ஒப்பவைத்துக் கணக்கிடுவது ஆதாயத்தை மிகைப்படுத்துவதாகும்.

எல்லைப்புறத்திற்கு அருகே பரந்த வெளி எனச் சுட்டத்தக்கது நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பு. அது வனவிலங்கு உய்விடத்தைச் சார்ந்தது. அவ்வணையின் இடதுகரைக் கால்வாய் வழி விளவங்கோட்டுக்கு வந்த பாசன நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழகம் 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.