பாஸ்கா மேடையில் உரோமைப் படைவீரர்: உடையும் ஆயுதமும்



தாளடி அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் தவக்கால நாட்களில், நம் காவிரிப் படுகையின் பல பங்குகளில் பாஸ்கா ஒத்திகை தொடங்கிவிடும். ஆவூர் போன்ற ஊர்களில் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து நடக்கும் பாஸ்காவைக் காண மக்கள் திரண்டு வருவார்கள். ஒத்திகை தொடங்கியதும் இளைஞர்கள் பங்குத்தந்தையிடம் வந்து, "சாமி, சேவகர் வேஷத்துக்கு என்ன உடுப்பு?" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் நாடக உடை வாடகைக் கடையில் கிடைப்பதுதான் மேடை ஏறும். ஜிகினா வைத்த வெல்வெட் சட்டை, தகரத் தொப்பி, சிவப்பு இறகு என்று நம் சேவகர்கள் பாதி ராஜபார்ட், பாதி சினிமா! உண்மையில் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த வீரர்கள் எப்படி இருந்தார்கள்? தெரிந்துகொள்வது நம் நடிப்புக்கு மட்டுமல்ல, நம் செபத்துக்கும் உதவும்.

1. யார் அந்த வீரர்கள்?

திரைப்படங்கள் பிலாத்துவின் வீரர்களைப் பேரரசரின் மெய்க்காவல் படையைப்போல் காட்டுகின்றன. பிரிட்டோரியர் என்ற அந்தச் சிறப்புப் படையைப் பேரரசர் அகுஸ்து அமைத்தார். இராஜராஜ சோழனுக்கு வேளைக்காரப் படைகள் எப்படியோ, அப்படியே உரோமைப் பேரரசருக்கு இவர்கள். ஆனால் இவர்கள் இருந்தது உரோமையில், எருசலேமில் அல்ல.

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் அவர் பெயரும் பதவியும் உள்ளன. பெரும்படையான 'லெகியோன்' அப்போது யூதேயாவில் நிலையாக இல்லை. அது அண்டை மாநிலமான சிரியாவில் இருந்தது. பிலாத்துவிடம் இருந்தவை துணைப்படைகள். ஒரு துணைப்படைப் பிரிவில் சுமார் 500 பேர். அவர்களில் பலர் செபஸ்தே, செசரியா பகுதிகளில் சேர்க்கப்பட்ட, யூதரல்லாத உள்ளூர் ஆட்கள். யூதர்களுக்கோ உரோமைப் படைப்பணியிலிருந்து விலக்கு இருந்தது.

2. தலை முதல் கால் வரை

*தலைக்கவசம்:* வெண்கலம் அல்லது இரும்பு. கன்னங்களை மூடும் இரண்டு தகடுகளும், பிடரியைக் காக்கும் பின்விளிம்பும் உண்டு. சாதாரண வீரனுக்கு எந்நேரமும் இறகுக் கொண்டை தேவையில்லை.

*உடல்கவசம்:* சினிமாவில் காண்பது பட்டை பட்டையான இரும்புத் தகட்டுக் கவசம். துணைப்படையினர் பெரும்பாலும் அணிந்தது சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையச் சட்டை. ஏறத்தாழ 10 கிலோ எடை. அதன் கீழே முழங்கால் அளவு கம்பளி உள்ளாடை.

*இடைவார்:* வீரனின் அடையாளமே இதுதான். வாள் தொங்குவது வலப்பக்கம்.

*கேடயம்:* நீள்வட்ட வடிவில், தட்டையான பலகை. வளைந்த பெரிய செவ்வகக் கேடயம் லெகியோன் வீரர்களுக்கு உரியது.

*காலணி:* அடியில் இரும்பு ஆணிகள் அடித்த தோல் வார்ச் செருப்பு. கற்பாதையில் அந்த ஆணிச் சத்தம் கேட்டாலே மக்கள் ஒதுங்கியிருப்பார்கள்.

3. நூற்றுவர் தலைவர்

பெயரில் நூறு என்றாலும் அவருக்குக் கீழ் சுமார் 80 வீரர்களே. தலைக்கவசத்தின் கொண்டை காதிலிருந்து காதுக்குக் குறுக்காக நிற்கும். வாள் இடப்பக்கம். கையில் திராட்சைக் கொடியால் ஆன கோல். வீரர்களை அடித்துத் திருத்த அதுவே. கால்முன்பகுதிக்கும் கவசம் உண்டு. கூட்டத்தில் அவரை உடனே அடையாளம் காணலாம்.

4. கருஞ்சிவப்பு அங்கியும் புளித்த இரசமும்

ஆண்டவரை ஏளனம் செய்தவர்கள் அவர்மேல் போர்த்தியது கருஞ்சிவப்புத் தளர் அங்கி என்கிறார் மத்தேயு (27:28). மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் படைவீரரின் மேற்போர்வையைக் குறிக்கும். பேரரசர்களின் விலையுயர்ந்த செந்நீலம் கடற்சங்கிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தச் சிவப்போ பூச்சியிலிருந்து எடுத்த சாயம். ஆக, ஒரு வீரன் தன் தோளிலிருந்து கழற்றிய போர்வையே நம் அரசரின் ஆடையாயிற்று. வாடகைக் கடையின் சரிகை அங்கி இங்கே பொருந்தாது.

சிலுவையடியில் கொடுத்த புளித்த இரசமும் வீரர்களின் அன்றாடப் பானமே. தண்ணீர் கலந்த அதற்கு 'போஸ்கா' என்று பெயர். நம் 'பாஸ்கா'வுக்கும் அதற்கும் ஓசையில் மட்டுமே ஒற்றுமை. ஆடைகளை நான்காகப் பங்கிட்டார்கள் என்று யோவான் எழுதுவதால் (19:23) சிலுவையருகே நின்ற வீரர்கள் நால்வர். மேடையில் பத்துப் பேர் தேவையில்லை.

5. 'யூதர் வேஷம்'

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் சாட்டை பிடிக்கும் வீரர்களை 'யூதர்கள்' என்றே சொல்வோம். இது பெரும் பிழை. மேலே கண்டபடி அவர்கள் உரோமையின் படையினர். நம் ஆண்டவரும், அன்னை மரியாவும், திருத்தூதர்களும்தாம் யூதர்கள். ஆண்டவருடைய பாடுகளின் பழியை அக்காலத்து எல்லா யூதர் மீதும் இக்காலத்து யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கை தெளிவாகக் கற்பிக்கிறது. எனவே கெத்சமனிக்கு வரும் கோவில் காவலருக்கும், ஏரோதின் வீரருக்கும், பிலாத்துவின் வீரருக்கும் வெவ்வேறு உடை கொடுங்கள். யார் எதைச் செய்தார்கள் என்பது பார்ப்பவருக்கு அப்போதுதான் விளங்கும்.

6. பங்குகளுக்குச் சில குறிப்புகள்

இங்கிலாந்தில் 1972இல் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்ற குழுவினர் அகழாய்வில் கிடைத்த பொருள்களைப் பார்த்தே உரோமை உடைகளையும் ஆயுதங்களையும் செய்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. சாம்பல் நிறச் சணல் கயிற்றைப் பின்னி வெள்ளிச் சாயம் பூசினால் தூரத்தில் வளையச் சட்டையாகத் தெரியும். கேடயத்துக்கு ஒட்டுப்பலகை போதும்.

ஆயுதங்களில் மட்டும் கவனம் தேவை. முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் தகர முனை வைத்த ஈட்டி வழுக்கி, இயேசுவாக நடித்த பையனின் விலாவைக் கிழித்துவிட்டது. நான்கு தையல். ஈட்டி பிடித்தவன் அவனுடைய நண்பன். அவன் அழுத அழுகை இன்னும் என் கண்முன் நிற்கிறது. முனையை ரப்பரில் செய்யுங்கள். சாட்டை நூலாக இருக்கட்டும்.

அன்றிரவு அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "சாமி, நான் தெரியாமத்தானே குத்தினேன்?" கல்வாரியில் நின்ற வீரர்களும் தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதிருந்தார்கள். அவர்களுக்காகவே ஆண்டவர் முதலில் மன்றாடினார். அவர்களின் தலைவரே சிலுவையடியில் அவரை இறைமகன் என்று அறிக்கையிட்டார். சேவகர் உடை அணியும் நம் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். அவர்கள் ஏற்பது வில்லன் வேடமல்ல, மன்னிப்புப் பெற்றவரின் வேடம். மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் நமக்கும் அதுவே உரியது.