கைகளில் வாய்த்த தாய்மொழி

மொழி தாய்மடியில் தொடங்குகிறது என்பது நம் நம்பிக்கை. காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். தாலாட்டு அக்குழந்தையை எட்டுவதில்லை. அதன் கையசைவின் பொருளை வீட்டார் முழுதும் அறிவதில்லை. ஆகவே, தன் மொழியும், ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு சுற்றமும் அதற்குப் பெரும்பாலும் பள்ளியில்தான் வாய்க்கின்றன. பள்ளி கொடுத்ததையும் பறித்ததையும் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸ் நகரில் பாதிரியார் த லெப்பே, மாணவர்களின் சைகைகளையே அடிப்படையாகக் கொண்டு கல்வி புகட்டினார். அவர் தொடங்கிய பள்ளி 1791இல் தேசிய நிறுவனமாயிற்று. 1785இல் பிறந்த லொரான் கிளேர் பன்னிரண்டாம் அகவையில் அங்குச் சேர்ந்தார். குழவிப் பருவத்தில் நெருப்பில் வீழ்ந்ததால் அவர் கன்னத்தில் வடு இருந்தது. இரு விரல்களால் கன்னத்தை வருடும் சைகையே காது கேளாதோரிடையே அவருக்குப் பெயராயிற்று. பெற்றோர் இட்ட பெயர் காதுக்கு உரியது. இப்பெயரைக் கண்ணால் கண்டார்.

மாணவராக வந்தவர் அங்கேயே ஆசிரியரானார். 1816இல் தாமஸ் காலடெட்டுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் ஒருவர் ஆங்கிலம் கற்பிக்க, மற்றவர் சைகை கற்பித்தார். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. பிரெஞ்சுச் சைகைகளும் அவ்வூர்ப் பிள்ளைகள் கொணர்ந்த சைகைகளும் கலந்து அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. அங்குப் பயின்றோர் பலர் ஆசிரியராயினர். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதைக் கண்ட குழந்தைக்கு அதுவே முதற்பாடம்.

1880 செப்டம்பரில் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சு முறையையே கைக்கொள்ள வேண்டுமெனத் தீர்மானித்தது. அவையில் காது கேளாதோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அதன்பின் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தனர். சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். உதட்டசைவைப் படித்தறிவதிலும் ஒலிகளைப் பழகுவதிலும் ஆண்டுகள் கழிந்தன. பேச்சுப் பயிற்சி சிலருக்குப் பயன்பட்டது என்பதும் உண்மையே. எனினும், தன் இயல்பான மொழி இழிவானது என்று கற்ற பிள்ளை தன்னையும் இழிவாகவே எண்ணத் தலைப்பட்டது.

ஆயினும் மொழி மாளவில்லை. வகுப்பறையில் விலக்குண்டது விடுதியில் வாழ்ந்தது. மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கைவழியே கதை சொன்னார்கள். சைகை அழிந்துபடுமோ என்றஞ்சிய ஜார்ஜ் வெடிட்ஸ் 1913இல் அதைத் திரைப்படச் சுருளில் பதித்துவைத்தார். 1960இல் வில்லியம் ஸ்டோக்கி, அது தனக்கெனக் கட்டமைப்புடைய முழுமொழி என ஆராய்ந்து நிறுவினார்.

1988 மார்ச்சில் வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்திற்குக் காது கேட்கும் ஒருவரே மீண்டும் தலைவராக அறிவிக்கப்பட்டார். மாணவர்கள் வாயில்களை அடைத்துப் போராடினர். ஒரு வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் அப்பொறுப்புக்கு வந்தார். 1864இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்நிறுவனத்திற்குக் காது கேளாத முதல் தலைவர் அவரே. மிலான் தீர்மானத்தின் தீங்குக்கு 2010ஆம் ஆண்டு வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது.

இன்று காது கேளாத பிள்ளைகள் பலர் பொதுப்பள்ளியில் பயில்கின்றனர். அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு கற்பது நன்றே. ஆனால் வகுப்பில் தன்போல் வேறெவரும் இல்லாத பிள்ளைக்குக் கன்னத்தை வருடிப் பெயரிட யார் இருக்கிறார்கள்? மொழியைப் போற்றும் நாம் அக்கேள்வியைக் கடந்து செல்லலாகாது.