நீலகிரிச் சிரிப்பான்

மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியின் உயரமான சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் பறவை. உலகில் வேறெங்கும் இல்லை. 1839இல் இயற்கையியலாளர் ஜெர்டன் இதை அறிவியலுக்கு விவரித்தார். மைனாவைவிடச் சற்றே சிறியது. வயிறும் மார்பும் செம்பழுப்பு, முதுகு மங்கிய பழுப்பு. கண்ணுக்கு மேலே சுண்ணாம்பால் இழுத்தாற்போல் பளிச்சென்ற வெள்ளைப் புருவம்; மோவாய் கறுப்பு.

கண்ணில் படுமுன் காதில் விழும் பறவை இது. பனி மூடிய காலையில் ஒன்று குரல் எடுக்கும். மறு புதரிலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும். பிறகு கூட்டமே கலகலவென்று சிரிப்பது போல் சோலை அதிரும். இதன் லத்தீன் பெயரின் பிற்பகுதிக்குப் பொருளும் உரக்கச் சிரிப்பதே.

பூச்சிகளும் பழங்களும் இதன் உணவு; தவிட்டுப்பழம் என்றால் தனி விருப்பம். பாசி வைத்துக் கிண்ணம் போலக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு நீலநிற முட்டைகள் இடும். தோட்டங்களுக்கும் வரும் என்றாலும் இதன் தாய்வீடு சோலைதான். தேயிலைக்காகவும் தைலமரம், சீகை மரங்களுக்காகவும் அந்தச் சோலைகளில் ஒரு பகுதியை நாம் அழித்துவிட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இப்பறவை கிடையாது. அங்கே பழனி மலையில் வாழ்வது இதன் நெருங்கிய உறவான வேறோர் இனம்.