கிண்ணியாத் துறையில் பஸ் நின்ற காலம்

கனடாவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். எண்பதுகளில் திருகோணமலையை விட்டுப் போனவர். சுகம் விசாரித்து முடிந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "கிண்ணியாவுக்கு இப்போதும் பாதையிலேயா போகிறீர்கள்?" என்பதுதான்.

கிழக்கிலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இக்கேள்வி விளங்காது. பாதையில் போகாமல் வேறு எதில் போவது என்று நினைப்பார்கள். எங்கள் பகுதியில் பாதை என்றால், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை செல்லும் தட்டையான மிதவை. வீதி முடியும் இடத்தில் பாதை தொடங்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தை உலகம் புகழ்வதற்குக் காரணமான அதே நிலவமைப்புத்தான் எங்கள் பஸ் பயணங்களைக் குலைத்தது. குடாவுக்குள் குடாவாகக் கடல் உள்நுழைந்து கிடக்கிறது. மகாவலி கங்கை கிளைகளாகப் பிரிந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. போர்க்கப்பலுக்கு இதைவிடச் சிறந்த ஒதுக்கிடம் இல்லை. மூதூருக்குப் போகும் பஸ்ஸுக்கோ கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குமேல் துறை.

மூதூரில் என் அம்மம்மாவின் வீடு இருந்தது. இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் ஏறினால் குடாவைக் குறுக்கே கடந்து நேராகப் போய்விடலாம். அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஆகவே நாங்கள் பஸ்ஸில் போவோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் புறப்படும் சிவப்பு நிற இ.போ.ச. வண்டி, அநுராதபுரச் சந்தி, பாலையூற்று, சீனக்குடா, வெள்ளைமணல் என்று வந்து தம்பலகாமக் குடாவின் வாயில் நின்றுவிடும். எல்லோரும் இறங்குவோம். வெறும் வண்டியைச் சாரதி அங்குலம் அங்குலமாகப் பலகையில் ஏற்றுவார். பிறகு நாங்கள் ஏறி அதைச் சுற்றி நிற்போம். கோழிக்கூடு, மீன்கூடை, தயிர்ச்சட்டி, தொப்பியணிந்த வியாபாரிகள், கச்சேரிக்குப் போய்வரும் ஆசிரியர்கள் எல்லாம் ஒரே தட்டில். பஸ்ஸுக்குள் ஒருவரையொருவர் பார்க்காதவர்களும் பாதையில் பேசிக்கொள்வார்கள். சிறுவனான எனக்கு அது திருவிழா.

பெரியவர்களுக்கு அப்படியன்று. பொழுது சாய்ந்தபின் பாதை ஓடாது. காற்று பலத்தாலும் ஓடாது. ஒருமுறை இரவில் என் சின்னம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவரப் புறப்பட்டவர்கள் முதல் துறையிலேயே விடியும்வரை காத்திருந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அம்மம்மா அதன்பின் தூரத்தை மைலில் சொல்லிக் கேட்டதில்லை. "எத்தனை துறை?" என்றுதான் கேட்பார்.

மைல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மறுபக்கமாக நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் தரிப்பிடங்களுக்குப் பெயர் வைத்தவை மைற்கற்களே. ஆறாம் கட்டை, பதினோராம் கட்டை என்று சொல்லி இறங்குவோம். அரசாங்கம் கிலோமீற்றருக்கு மாறிவிட்டது; கட்டைகள் மாறவில்லை. நிலாவெளியின் உல்லாச விடுதிகள் தம் முகவரியில் இன்னும் பழைய மைலையே எழுதுகின்றன.

இந்தச் சிவப்பு வண்டி எங்களுக்கு வந்து சேர்ந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினம். மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற திருமலை நடராஜன் என்னும் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 15இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர்; அதை நம்பியிருந்த பல குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் புறப்பட்டன. 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பனிகள் யாவும் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. சில வாரங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த புதிய வண்டிகள் தமிழ்ப் பகுதிகளுக்கு அனுப்பப்பட, தார் பூசும் போராட்டம் மூண்டது. தனியார் முதலாளிகளின் ஒழுங்கீனத்தை ஒழித்து, இலாபமில்லாத கிராமத்துக்கும் வண்டி விட்ட நல்ல திட்டம் அது. ஒற்றை எழுத்தால் அதைச் சந்தேகத்துக்கு உரியதாக்கினார்கள். இன்றளவும் எனக்கு அது ஆறவில்லை.

போர்க்காலத்தில் தரிப்பிடங்கள் சோதனைச் சாவடிகளாயின. இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நட, அப்பால் மறுபடி ஏறு. பாதையில் ஏறுவதற்கு இறங்கிப் பழகிய எங்களுக்கு இந்த இறக்கம் வேறு விதமாக இருந்தது. பயணிகளாய் இருந்ததற்காகவே மனிதர்கள் கொல்லப்பட்டதும் உண்டு. 1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளியன்று, ஹபரணை – திருகோணமலை வீதியில் அளுத்ஓயாவில் பஸ்களை மறித்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். மிகப் பெரும்பாலோர் சிங்களப் பொதுமக்கள். அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்திருக்கவில்லை. வந்தபின் அந்த வீதியால் போகும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் பேச்சு அடங்குவதைக் கண்டிருக்கிறேன். 2005 மே மாதத்தில் ஓர் இரவு பஸ் நிலையத்தருகே புத்தர் சிலை வைக்கப்பட்டு, நகரம் ஹர்த்தாலில் முடங்கியது.

2009 ஒக்டோபர் 20இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அந்நாளில் நாட்டிலேயே மிக நீளமான பாலம். மற்றத் துறைகளிலும் அதன்பின் ஒவ்வொன்றாகப் பாலங்கள் வந்தன. இன்று மூதூர் பஸ்ஸில் ஏறியவர் இறங்காமலே போய்ச் சேரலாம்.

ஆயினும் பாதை எங்களை முழுதாக விட்டுவிடவில்லை. கிண்ணியாவிலேயே, குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதிது கட்டும் வேலை நடந்தபோது, மக்கள் மறுபடி மிதவையில் ஏற நேர்ந்தது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைச் சிறுவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தனர். பின்னர் அத்தொகை கூடிற்று. அச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சின்னம்மாவின் முகந்தான் தெரிந்தது.

இவ்வளவையும் நண்பருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. "பாலம் வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

"கடக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்றார்.

பஸ்ஸில் ஒரு நிமிடம்கூட இல்லை என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.